உயிர் பிழைத்தவன் உலை வைக்க என்ன செய்வான்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொடிய நோய்க் காப்பீடு என்றொரு சரக்கு தாராவிச் சந்துகளுக்குள்ளும் விலைக்கு வந்துவிட்டது. “புற்றுநோய் வந்தால் பத்து லட்சம், மாரடைப்பு வந்தால் பத்து லட்சம்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்காதீர்கள் என்று தடுக்க நாங்கள் வரவில்லை. அது யாருக்காகப் பிறந்தது, யாருக்காக வளர்ந்தது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறோம்.

அது பிறந்த இடம் தென்னாப்பிரிக்கா. 1967இல் உலகின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த கிறிஸ்டியன் பர்னார்டின் தம்பி மாரியஸ் பர்னார்டு. அவரும் இதய மருத்துவரே. தம்மிடம் வந்து உயிர் பிழைத்தவர்கள், வேலைக்குப் போக முடியாமல் கடனில் மூழ்குவதை அவர் கண்டார். கத்தியால் உயிரைக் காக்கலாம், உலையைக் காக்க முடியாது என்று உணர்ந்தார். 1983இல் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் மூலம் புதிய பாலிசியைக் கொண்டுவந்தார். மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், பைபாஸ் அறுவை ஆகிய நான்குக்குத்தான் அது. ஆஸ்பத்திரி பில் கேட்காது. நோய் உறுதியானால் மொத்தத் தொகையும் நோயாளியின் கைக்கு வரும். பில்லுக்குப் பணம் தருவது ஒன்று, வீட்டுக்குப் பணம் தருவது வேறொன்று. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1956இலும், பொதுக் காப்பீடு 1970களின் தொடக்கத்திலும் அரசுடைமை ஆயின. 1986இல் வந்த மெடிக்ளைம் பில்லுக்குப் பணம் தரும் வகை. கொடிய நோய்க்கான பணத்தை ஆயுள் பாலிசியோடு சேர்த்து எல்.ஐ.சி. 1990களில் ஆஷா தீப் என்ற பெயரில் விற்றது. 1999இல் சட்டம் வந்தது. 2000இல் தனியார் நுழைந்தனர். அன்னிய முதலீட்டின் வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி, 2015இல் 49, 2021இல் 74 என்று ஏறியது.

போட்டி வந்ததும் என்ன நடந்தது? நான்கு நோய் பத்தாகி, பிறகு முப்பதையும் தாண்டியது. நோயின் எண்ணிக்கையே விளம்பரமாயிற்று. ஒரே நோய்க்குக் கம்பெனிக்கு ஒரு விளக்கம் இருந்தது. 2013இல் ஒழுங்குமுறை ஆணையம் பொதுவான விளக்கங்களை வகுத்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் அந்த விளக்கங்களும் இறுக்கமானவை. பரவாத தொடக்க நிலைப் புற்றுக்குப் பணமில்லை. பக்கவாதம் என்றால் அதன் பாதிப்பு மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். சிறுநீரகம் என்றால் இரண்டும் மீளாதபடி பழுதாகி, தொடர் டயாலிசிஸோ மாற்று அறுவையோ நடந்திருக்க வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவர், தையல் தொழிலாளி. நெஞ்சுவலி வந்தது, அடைப்பு என்று கண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு ஆண்டு பிரீமியம் கட்டியவர். “பைபாஸ் என்றால் உண்டு, ஸ்டென்ட்டுக்கு இல்லை, மாரடைப்பு வந்ததற்கும் சான்று இல்லை” என்று கடிதம் வந்தது. காகிதத்தைப் பிரித்துப் பார்த்தோம். அப்படித்தான் எழுதியிருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆறு மாதம் அவர் மெஷினில் உட்காரவில்லை. மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று.

தோழர்களே! மாதச் சம்பளச் சீட்டு உள்ளவனை நினைத்து வளர்ந்த சந்தை இது. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவனிடம் வருமானச் சான்று ஏது? ஊர்த் திருவிழாவுக்குப் போய் இரண்டு மாதம் தங்கி, தவணை தவறினால் பாலிசி காலாவதியாகும்; மறுபடி எடுத்தால் காத்திருப்புக் காலமும் மறுபடி தொடங்கும்.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்பீர்கள். ஆந்திரத்தில் 2007, தமிழகத்தில் 2009, மத்திய அரசின் ஐந்து லட்சம் ரூபாய்த் திட்டம் 2018. பட்டியலில் பெயர் இருந்தால், மத்தியத் திட்டத்தை வேறு மாநிலத்திலும் பயன்படுத்தலாம். ஊரில் உள்ள அட்டையைத் தேடி எடுங்கள். ஆனால் இவையெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம். பர்னார்டு கண்ட உலை இன்னும் அணைந்தேதான் கிடக்கிறது.

அந்த உலைக்கு விறகு தருவது இ.எஸ்.ஐ. புற்றுநோய், காசநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்குக் கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை அதில் கிடைக்கும். அதற்கும் தொடர்ந்து சந்தா கட்டியிருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டறையிலும் ஆள் கணக்கை மறைக்கிறார்களே, அது நம் உரிமையைத் திருடுவது அல்லவா? உங்கள் இ.எஸ்.ஐ. எண் என்ன என்று நாளைக்கே முதலாளியிடம் கேளுங்கள். தனியே கேட்கப் பயமென்றால் சங்கம் கூட வரும்.

அதற்குமேல் பாலிசியும் எடுக்க முடிந்தவர்கள் எடுங்கள். எந்த நிலையில் பணம், எந்த நிலையில் இல்லை, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், நோய் கண்டபின் எத்தனை நாள் உயிரோடிருந்தால் பணம் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் மறைக்காதீர்கள். “எழுதாதீங்கண்ணே” என்று சொல்கிற ஏஜெண்டு, பணம் மறுக்கப்படும் நாளில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

படுக்கையில் விழுந்தவனுக்கும் கூலி உண்டு என்பது காசு கொடுத்து வாங்கும் சரக்காக இருக்கக் கூடாது. உழைத்தவனின் உரிமையாக வேண்டும். அதைக் கேட்கும் குரல் நம்முடையதாகட்டும் என்று கூறி அமைகிறோம்.