எஞ்சினின் எடை

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருள் சாலைக் கடைத்தெருவை அறியாதவர் அரியர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. நாஞ்சில் நாட்டு நெல்லும் காய்கறியும் கரமனை வழியே வண்டி வண்டியாக வந்திறங்கிய இடம். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்துள்ள இடமுமாகும். அங்கே சுமட்டுத் தொழிலாளரிடம் எப்பொருளைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது அதன் விலையையன்று, எடையை. அக்கேள்வியையே நாம் இன்று எஞ்சின்களைக் குறித்துக் கேட்போம்.

மனிதன் ஒருவன் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளருக்கெனவே 1978ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. அந்த 55 கிலோவையே நம் அளவுகோலாகக் கொள்வோம்.

1955ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஆங்கிலேயப் பந்தயக் காரை எடுத்துக்கொள்வோம். 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். 72 குதிரைச் சக்தி. எடை 150 கிலோவுக்கு மேல். ஜப்பானில் 1969ஆம் ஆண்டில் தோன்றிய ஹோண்டா சி.பி.750 மோட்டார் சைக்கிளின் எஞ்சினோ அதன் பாதியளவே கொள்ளளவுடையது. 67 குதிரைச் சக்தி தருவது. எடை ஏறக்குறைய 80 கிலோ. சக்தி கிட்டத்தட்ட ஒன்று. எடையோ ஒன்றுக்கு இரண்டு! இரண்டுக்குமிடையே பதினான்கு ஆண்டுக் காலம் இருப்பதை மறந்துவிடலாகாது. ஆயினும் வேறுபாடு முழுவதையும் காலத்தின் மேல் சுமத்திவிட முடியாது.

குதிரைச் சக்தி என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஹோண்டா தன் முழுச் சக்தியைத் தருவதற்கு நிமிடத்துக்கு 8000 முறை சுழல வேண்டும், எம்.ஜி.ஏ. 5500 முறை சுழன்றால் போதும். முறுக்கு விசையில் காரினது ஏறத்தாழ பத்தரை கிலோகிராம் மீட்டர். அதுவும் 3500 சுற்றிலேயே கிடைத்துவிடும். மோட்டார் சைக்கிளினது ஆறு; அதற்கும் 7000 சுற்று வேண்டும். ஏறத்தாழ ஒரு டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து இழுப்பதற்குத் தாழ்ந்த வேகத்தில் கனத்த விசை தேவை. அவ்விசையைத் தாங்கப் பருத்த கிராங்குத் தண்டும் தடித்த சுவரும் தேவை.

இந்த எம்.ஜி.ஏ. நமக்கு அந்நியமானதன்று. நம் நாட்டு அம்பாசடர் கார் பல்லாண்டுக் காலம் தாங்கி வந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டில் உத்தர்பாராவில் அக்காரின் உற்பத்தி நின்றது. ஐவரை ஏற்றிக்கொண்டு பொன்முடிக் கொண்டையூசி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறிய எஞ்சினும், இங்கிலாந்தில் சீமான் வீட்டுப் பிள்ளைகள் கழுத்துக் குட்டை பறக்க ஓட்டிய எஞ்சினும் உடன்பிறப்புகளே. அக்காலத்துப் பந்தயக் கார்களிற் பல, குடும்பக் காரின் எஞ்சினுக்கு மெருகேற்றியே செய்யப்பட்டன. ஆகவே அவை வார்ப்பிரும்பாலாயின. வார்ப்பிரும்பு மலிவு, தேய்ந்தால் உருளையைக் கடைந்து பெரிதாக்கி மீண்டும் ஓட்டலாம். ஆனால் அலுமினியத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட கனம் அதற்கு. 1948இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினுக்குத் தலைப்பகுதி அலுமினியமே, உடற்பகுதி வார்ப்பிரும்பு. அதன் மொத்த எடை கால் டன்னைத் தாண்டும். நம் அளவுகோற்படி அதற்கு ஐந்து பேர் வேண்டும்.

இலேசான கார் எஞ்சின் அக்காலத்தில் இல்லையா என்றால், இருந்தது. அது பிறந்த கதைதான் வியப்புக்குரியது. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு, தீயணைப்போர் கையால் தூக்கிச் செல்லத்தக்க நீரிறைப்பான் வேண்டுமென்று கேட்டது. காவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் அலுமினியத்தில் ஓர் எஞ்சினைச் செய்து, அதற்கு 'இறகு எடை' என்று பொருள்படப் பெயரும் இட்டது. பந்தயக்காரர் கண் அதன் மேல் விழுந்தது. 1098 கன சென்டிமீட்டராகப் பெருக்கப்பட்டு, 1954இல் லெமான் பந்தயத்தில் அது ஓடியது. பின்னர் லோட்டஸ் எலீட் காரிலும் அதன் வழிவந்த எஞ்சின் அமர்ந்தது. மனிதன் தூக்க வேண்டும் என்ற நிபந்தனையே அதன் கனத்தைக் குறைத்தது. சாலைத் தெருவின் தொழிலாளர் இச்செய்தியைக் கேட்டால் தலையசைப்பர் என்றே எண்ணுகிறோம்.

எடைப் பட்டியலைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இயந்திரக் குறிப்பேடுகளில் 'உலர் எடை' என்றொரு சொல் வரும். மொழிபெயர்ப்பை வயிற்றுப் பிழைப்பாகக் கொண்ட நமக்கு அது பழகிய சொல்லே. ஈரம் போக என்று பொருளன்று. எண்ணெயும் நீரும் ஊற்றப்படாத எடை என்பதே பொருள். மேலும், ஹோண்டாவைப் போன்ற மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கியவை. அந்த 80 கிலோவில் இரண்டும் சேர்த்தி. காரிலோ கியர்ப் பெட்டி தனி, கிளட்ச் உறை தனி, நீர்க் குளிர்ப்பான் தனி. அவற்றைச் சேர்த்து நிறுத்தால் வேறுபாடு இன்னும் வளரும்.

பழுதுபார்க்கும் நிலையத்துக்கு எஞ்சின் அனுப்புவோர், 'ஒரு எஞ்சின்தான்' என்று சொல்லிச் சுமட்டுத் தொழிலாளரை அழைப்பதுண்டு. மோட்டார் சைக்கிளினது என்று எண்ணி இருவர் வந்து அம்பாசடருடையதில் கை வைத்தால் முதுகெலும்பு என்னாகும்? எந்த வண்டியினது, கியர்ப் பெட்டி கூடியதா, எண்ணெய் வடிக்கப்பட்டதா என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஸ்டார்ட்டர், டைனமோ இரண்டையும் கழற்றிவிட்டால் சில கிலோ குறையும். அதன் பிறகும் அம்பாசடர் எஞ்சினுக்கு மூவர் தேவை. கியர்ப் பெட்டியும் கூட இருந்தால் நால்வர், அல்லது சங்கிலிக் கப்பி.