மாத்தளைக் கோயிலடி



கண்டியிலிருந்து வடக்கே பதினாறு மைல் சென்றால் மாத்தளை நகரத்தை அடையலாம். நகரின் பிரதான வீதியில் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் 108 அடி உயர்ந்து நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த சிறிய குடியிருப்பைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததன் காரணத்தை அறிய வேண்டுமாயின், கோப்பிக் காலத்துக்குச் செல்ல வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னே காட்டுவழியாக நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் வழியெங்கும் பலரைப் பலிகொண்டன. தம்புள்ளை, நாலந்தை கடந்து அவர்கள் கண்ட முதல் மலைநாட்டு நகரம் மாத்தளை. பிழைத்து வந்தவர்கள், அம்மை நோய் தீர்க்கும் அன்னையை இங்கே வணங்கியதில் வியப்பில்லை. மரத்தடியில் தொடங்கிய அவ்வழிபாடே பின்னர் பெருங்கோயிலாக வளர்ந்தது. மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வரும் காட்சியைக் காணத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு வருவர்.

இக்கோயிலுக்கு வடக்கே சிறிது தொலைவில் அளுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாகப் பேணப்பட்ட பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த நாளில், மனிதர் மடிந்தால் அவர் நினைவிலுள்ள அறமும் மறையும் என அஞ்சிய துறவிகள் அதனை எழுதிவைத்தனர்.

அதே பாதையால் நடந்து வந்த நம் முன்னோரின் கதையை எழுதிவைத்தார் மிகச் சிலரே. அதன் விலை பெரிது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவில்லாத பலர், பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், கோயில் வாசலில் விடைபெற்று இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது.

1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் கோயிலும் சேதமுற்றது. பின்னர் மக்கள் அதனைப் புதுப்பித்தனர். இன்று அவ்வீதியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அருகருகே வாணிகம் செய்கின்றனர்.

கல்லும் சுதையும் இடிந்தால் மீண்டும் கட்டலாம். முதியோர் நெஞ்சிலுள்ள செய்தி அவர்களோடு மறைந்தால் மீளாது. ஆகவே, மாத்தளை நேயர்களே! உங்கள் இல்லத்துப் பாட்டியிடம் ஒருநாள் அமர்ந்து கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தனர், எவரை வழியிலே இழந்தனர் என்று. கேட்டதை அன்றே ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். அளுவிகாரைக்கு அண்மையில் வாழ்வோர்க்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.