கொடி மாறியும் மொழி மாறாத ஊர்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, சென் லோறன்ஸ் நதியின் வடகரையிலே, பே சென் போல் என்னுஞ் சிற்றூர் ஒன்றுண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரெஞ்சுக் குடியேறிகள் காடு வெட்டிக் கழனி திருத்திய இடம் அது. 1759இல் பிரித்தானியப் படையினர் அவ்வூருக்குத் தீயிட்டனர். 1763இல் பாரிஸ் உடன்படிக்கையினால் நாடே பிரித்தானியர் வசமாயிற்று. கொடி மாறியது, மொழி மாறவில்லை. வீட்டிலும் தேவாலயத்திலும் பேணப்பெற்ற பிரெஞ்சு மொழியே இன்றும் அங்கு வீதியெங்கும் ஒலிக்கின்றது.

அண்மையிலுள்ள லெ மாஸிப் மலையிலே, நதியை எதிர்நோக்கியவாறு 770 மீற்றர் உயரம் பனியிற் சறுக்கி இறங்கலாம். உழவர் ஓய்ந்திருந்த மாரிகாலம் இன்று ஊருக்கு வருவாய் தரும் பருவமாயிற்று.

ஆயினும், வாழ்வளிக்கும் பனியே உருகும்போது வெள்ளமுமாகும். 2023 மே 1ஆந் திகதி, மழையும் உருகுபனியுஞ் சேர, ஊரூடாகப் பாயும் கூப்ர் ஆறு கரைபுரண்டது. வீடுகள் பல நீரில் அமிழ்ந்தன. அயலூரான சென் உர்பேனில் மீட்புப் பணிக்குச் சென்ற தீயணைப்பு வீரர் இருவர் உயிர்நீத்தனர்.

தீயும் நீரும் வீட்டை அழிக்கலாம். அதனை மீளக் கட்டுவதற்கு, நாம் ஓரூரார் என்னும் உணர்வு வேண்டும். அவ்வுணர்வுக்கு அவ்வூரார் கண்ட அரண் தாய்மொழியேயாம்.