ஈறு நோவுக்குப் பிசினும் பட்டையும்

நான் பத்தாவது வரைதான் படிச்சேன். பெரியவங்ககிட்ட கேட்டு வீட்டில் செய்யும் வைத்தியத்தைத்தான் பேச வந்திருக்கேன்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’னு சொல்வாங்க. வேலுன்னா நாட்டுக் கருவேலம். சீமைக் கருவேலம் இல்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சளா, உருண்டையா இருக்கும். காய் மணி கோத்த மாதிரி தொங்கும். சீமைக்குப் பூ விரல் மாதிரி நீளமா வரும். இதைப் பார்த்துத்தான் எடுக்கணும்.

நாட்டுக் கருவேலம் பட்டையைக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக வாய் கொப்பளித்துத் துப்பினால், அதில் உள்ள துவர்ப்பு ஈறை இறுக்கும்; ரத்தக் கசிவு குறையும். மரத்தில் வடிஞ்சு காய்ஞ்ச பிசின் வேற மாதிரி. தண்ணீரில் ஊறினால் வழவழன்னு ஆகும். வாய்ப்புண் மேல் படிஞ்சு எரிச்சலைத் தணிக்கும். சொத்தைப் பல்லில் பெருங்காயம் வைக்கிறோமே, அதுவும் ஒரு செடியின் வேரில் வடியும் பால் காய்ஞ்சதுதான்.

ஆனால் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இதெல்லாம் நோவைத் தணிக்கும், அவ்வளவுதான். ஈறோரம் கல்லாட்டம் இறுகின காரையை எடுக்காது. சொத்தையையும் அடைக்காது. அதுக்குப் பல் டாக்டர்தான் வேணும். சர்க்கரை இருந்தாலும் ஈறு கெடும், அதையும் சோதிக்கணும்.

எங்க தெருவில் வெத்தலையோடு புகையிலை போடும் பெரியம்மா ஒருத்தங்க. கன்னத்தின் உள்பக்கம் புண். வலிக்கலையேன்னு மூணு மாசம் காசுக்கட்டி தடவிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்னு சொன்னாங்க. ஆரம்பத்தில் அது வலிக்காதாம். பாக்கும் புகையிலையும் ரெண்டுமே அந்த நோயைக் கொண்டுவரும். அதனால் 2 வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் மருந்து தடவிக் காலம் கடத்தாதீங்க. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க.

நாம ஒரு நாள் கூலி போயிடுமேன்னு வலியைப் பொறுத்துக்கிறோம். மாட்டுக்கும் பிள்ளை படிப்புக்கும் உள்கடன் கேட்கிறோம். நம்ம வாய்க்கும் வைத்தியச் செலவுக்கும் கேட்கலாம். மாசம் ஒரு கூட்டத்தில் கண்ணாடி கொண்டுவந்து, வெளிச்சத்தில் ஆளாளுக்கு வாயைப் பார்த்துக்குவோம். எங்க குழுவில் இந்த மாசமே தொடங்கறோம். உங்க குழுவிலும் தீர்மானம் போடுங்க.