குருதிக்கு ஒரு விலை, வியர்வைக்கு ஒரு விலை



சம்பாவும் அளமும் சேர்ந்ததே சம்பளம் என்பர் தனித்தமிழறிஞர். சம்பா என்பது நெல். அளம் என்பது உப்பு. உழைத்தவன் கையில் நெல்லும் உப்பும் விழுந்த காலத்துப் பிறந்த சொல் அது. உழைத்தவனும் அவன் வீட்டாரும் உண்டு உயிர்வாழப் போதுமானதே ஊதியம் என்னும் அளவுகோல் அந்தச் சொல்லுக்குள்ளேயே உறைந்து கிடக்கின்றது. களத்தில் நின்ற மறவனின் கடனையும் தமிழர் சோற்றாலேயே அளந்தனர். செஞ்சோற்றுக் கடன் என்றனர். ஏரின் பின் நடந்தவனுக்கும் வேலேந்தி நின்றவனுக்கும் அளவுகோல் ஒன்றே, அது சோறு.

இற்றை இந்திய அரசு இவ்விருவரையும் எவ்வாறு அளக்கின்றது? படையில் சேரும் இளைஞன் பெறுவது எவ்வளவு? குறைந்த அளவுக் கூலிக்கு உழைப்பவன் பெறுவது எவ்வளவு? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, நாட்டின் உள்முகம் ஒன்று தெரியவரும்.

படைஞன் பெறுவது

19-ஆம் நூற்றாண்டின் நடுவில், கும்பினிப் படையின் காலாளுக்குத் திங்கள் ஊதியம் 7 உருபா. தன் உணவையும் அவன் அதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்நிலை மாறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, 2016 சனவரி முதல், நிலைப்பணியில் சேரும் படைஞனின் அடிப்படை ஊதியம் 21,700 உருபா. படைப்பணி ஊதியம் 5,200 உருபா. இரண்டும் சேர்ந்து 26,900. 2024 சனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டபோது இத்தொகை 40,350 ஆயிற்று. இதன்மேல் உணவு, உடை, உறையுள், மருத்துவம். பதினைந்தாண்டுப் பணிக்குப்பின் வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம்.

2022 சூன் 14-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 'அக்கினிபத்' இந்த அமைப்பை மாற்றியது. 'தீவழி' என்று தமிழில் சொல்லியிருந்தால் தமிழிளைஞன் பெயரைக் கேட்டபோதே பொருளை உணர்ந்திருப்பான். வடசொற்போர்வை போர்த்தே அது தமிழகத்துள் நுழைந்தது. பதினேழரை முதல் இருபத்தோரகவை வரை உள்ளோர் நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்படுவர் என்றது அந்த அறிவிப்பு. முதலாண்டில் திங்களுக்கு 30,000, இரண்டாமாண்டில் 33,000, மூன்றாமாண்டில் 36,500, நான்காமாண்டில் 40,000 உருபா. இதில் 30 விழுக்காடு 'சேவாநிதி' என்னும் வைப்புக்குப் பிடிக்கப்படும். எனவே முதலாண்டில் கைக்கு வருவது 21,000 உருபாவே. பிடித்ததற்கு ஈடான தொகையை அரசும் இடும். நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 இலக்கம் உருபா வரிப்பிடித்தமின்றிக் கிடைக்கும். பணியிடை இறந்தால் 48 இலக்கம் உருபாக் காப்பீடு. பணியின் பொருட்டே இறந்தால் மேலும் 44 இலக்கம்.

ஆயின் ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, அகவிலைப்படி இல்லை, படைப்பணி ஊதியமும் இல்லை. நான்காண்டு முடிந்தபின் நூற்றுக்கு இருபத்தைவர் வரையே நிலைப்பணிக்கு எடுக்கப்படுவர். எஞ்சிய எழுபத்தைவர் இளம் அகவையிலேயே வீடு திரும்ப வேண்டும்.

கூலியாள் பெறுவது

குறைந்த அளவுக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. ஆனால் எது குறைந்த அளவு என்பதை அச்சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும், ஒவ்வொரு பகுதிக்கும் அந்தந்த அரசே வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஆகவே ஒரே துடைப்பத்தைப் பிடிக்கும் இரு கைகளுக்கு இரு கூலி.

நடுவண் அரசின் வரம்புக்குட்பட்ட கட்டடப்பணி, துப்புரவு, சுமையேற்றம் போன்றவற்றில், பெருநகரங்களில் உழைக்கும் பயிற்சியற்ற தொழிலாளிக்கு 2024 அகுதோபரில் வகுத்த நாட்கூலி 783 உருபா. இருபத்தாறு நாள் வேலைக்கு இது 20,358 உருபா. இதற்கு நேர்மாறாக, 2019-இல் நாடு முழுமைக்கும் அடித்தளக் கூலி என்று அறிவிக்கப்பட்டது நாளொன்றுக்கு 178 உருபா. திங்களுக்கு 4,628 உருபா! அதற்கும் சட்டப் பிணிப்பு இருக்கவில்லை. தமிழகத்தில் நூறுநாள் வேலைத்திட்டத்தின்கீழ் 2024-25-இல் நாட்கூலி 319 உருபா. நூறு நாளும் வேலை கிடைத்தால் ஒரு சிற்றூர்க் குடும்பத்துக்கு ஆண்டு முழுமைக்கும் 31,900 உருபா.

இனி, இரு கணக்குகளையும் சேர்த்துப் பார்க்க. அந்தக் குடும்பம் ஓராண்டுக்குப் பெறும் உறுதித்தொகையும், அவ்வீட்டுப் பிள்ளை படையில் சேர்ந்தால் அவன் பெயரில் எழுதப்படும் முதல் திங்கள் ஊதியமும் ஏறக்குறைய ஒன்றே. 178 உருபா வீதத்தில் நான்காண்டு உழைப்பவன் ஈட்டுவது 2,22,144 உருபா. அக்கினிவீரன் முதல் ஓராண்டில் கையில் பெறுவது 2,52,000 உருபா. வறண்ட ஊர்களின் இளைஞர் விடியலில் எழுந்து ஓட்டப்பயிற்சி செய்வதன் கரணியத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அஃது இக்கணக்கிலேயே இருக்கின்றது.

கணக்கின் மறுபக்கம்

எனினும் பெருநகரத் துப்புரவாளனின் 20,358-ஐ முதலாண்டு அக்கினிவீரனின் 21,000-க்கு அருகில் வைத்தால் தோற்றம் வேறாகின்றது. வேறுபாடு 642 உருபா! துப்பாக்கி ஏந்துவதற்கும் துடைப்பம் ஏந்துவதற்கும் இடையே அரசு வைத்த விலை இவ்வளவுதானா என்று வியக்கத் தோன்றும்.

இங்குத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். துப்புரவாளன் தன் கூலியிலிருந்தே சோறு உண்ண வேண்டும். வாடகை தர வேண்டும். துணி வாங்க வேண்டும். படைஞனுக்கு இம்மூன்றும் பாசறையிலேயே கிடைக்கின்றன. வைப்பில் சேரும் இருபங்குத் தொகையும் துப்புரவாளனுக்கு இல்லை. ஆகவே கைக்கு வரும் தொகையை மட்டும் ஒப்பிட்டுப் படைஞன் வறியவன் என்பார் கூற்று பிழை.

படைஞன் செல்லப்பிள்ளை என்பார் கூற்றும் பிழையே. கூலியாளின் நாள் எட்டு மணிநேரத்தில் முடிய வேண்டும்; மிகுந்தால் மிகைநேரக் கூலி கேட்கும் உரிமை உண்டு. படைஞனின் நாளுக்கு முடிவில்லை. கூலியாள் சங்கம் அமைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், பிடிக்காவிடில் மறுநாளே விலகலாம். படைஞனுக்கு இம்மூன்றும் இல்லை. கூலியாளின் குறைந்த அளவுக் கூலியில் விலையேற்றத்துக்கேற்ற மாற்றப்படி உண்டு. நடுவண் வரம்பில் ஏப்பிரலிலும் அகுதோபரிலும் அது கூட்டப்படும். அக்கினிவீரனின் ஊதியமோ நான்காண்டுக்கும் முன்னரே எழுதி முடிக்கப்பட்டது. அரிசி விலை ஏறினாலும் எழுதிய எண் மாறாது. அனைத்துக்கும் மேலாக, கூலியாள் தன் வியர்வையை விற்கின்றான். படைஞன் தன் குருதியையும் ஈடு வைக்கின்றான்.

இன்னொன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கேட்டது. காலவரையறைப் பணியாளர்க்கு அக்கட்டுப்பாட்டை 2020-ஆம் ஆண்டுக் குமுகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நீக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆலையில் காலவரையறையில் வேலை செய்பவனுக்கு உண்டென்று சட்டம் சொல்லும் பணிக்கொடை, எல்லையில் நான்காண்டு நிற்பவனுக்கு இல்லை. இதனை நயன்மை என்று எவர் சொல்வார்?

நெறி ஒன்று, முடிவு இரண்டு

குறைந்த அளவு என்பதை அளப்பதற்கு நெறி இல்லாமலில்லை. 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதனைத் தெளிவாக வகுத்தது. ஓர் உழைப்பாளியின் குடும்பம் மூன்று நுகர்வலகு கொண்டது; ஒவ்வோர் அலகுக்கும் ஊட்ட அறிஞர் ஐக்ராய்டு வகுத்தபடி நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கசம் துணி; வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு முதலிய பிறவற்றுக்கு 20 விழுக்காடு. 1991-இல் உச்ச முறைமன்றம் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது.

உணவு, உடை, உறையுள்! அரசு படைஞனுக்குப் பாசறையில் பொருளாகவே கொடுப்பவையும் இவையே. ஒரு மாந்தன் உழைக்க எவ்வளவு உணவு வேண்டும், எவ்வளவு துணி வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததன்று. படைஞனுக்கு அளந்து கொடுக்கத் தெரிந்த அதே அரசு, கூலியாளுக்குக் கணக்கிடும்போது மட்டும் அளவுகோலை மறைத்து வைக்கின்றது.

சான்று வேண்டுமா? ஏழாவது ஊதியக் குழு இந்த 1957-ஆம் ஆண்டு நெறியை அடிப்படையாகக் கொண்டே அரசுப் பணியாளரின் மிகக் குறைந்த ஊதியத்தை 18,000 உருபா என வகுத்தது. இருபத்தாறு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 692 உருபா. பின்னர், நாடு முழுமைக்குமான கூலியை ஆராய அரசே அமைத்த சத்பதி குழு, உணவு அளவை 2,400 கலோரியாகக் குறைத்தும், 2018 சூலை விலைப்படி நாளொன்றுக்கு 375 உருபா வேண்டும் என்று 2019-இல் அறிக்கை தந்தது. அவ்வாண்டே அரசு அறிவித்தது 178! வயிறு ஒன்றாயிருக்க, அரசுக் கட்டடத்துள் அமர்ந்தவனின் பசிக்கு 692; அக்கட்டடத்தைக் கட்டியவனின் பசிக்கு 178. இதற்கு எந்த அறிவியல் விளக்கம் தரும்?

முதுமைக்கும் இதே நிலைதான். அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்க்கும் படைஞர்க்கும் மிகக் குறைந்த ஓய்வூதியம் 2016 முதல் 9,000 உருபா. வைப்புநிதித் திட்டத்தின்கீழ்த் தொழிலாளிக்கு 2014-இல் வகுத்த மிகக் குறைந்த ஓய்வூதியம் 1,000 உருபா.

பசியும் விருப்பமும்

1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர்க்குக் குறைந்த அளவுக் கூலி கிடைக்கவில்லை என்னும் வழக்கில், உச்ச முறைமன்றம் ஒரு பெருந்தீர்ப்பை வழங்கியது. குறைந்த அளவுக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பே என்றது. கையைக் கட்டி இழுப்பது மட்டும் கட்டாயம் அன்று. பசியும் வறுமையும் வேறு வழியின்றித் தள்ளுவதும் கட்டாயமே என்று விளக்கியது.

அந்த விளக்கத்தின் ஒளியில் ஓட்டப்பயிற்சி செய்யும் இளைஞனைக் காண்க. நாட்டைக் காக்கும் விருப்பத்தால் படையில் சேர்பவன் பெருமைக்குரியவன். ஆனால் உள்ளூர்க் கூலியில் தாய்க்கு மருந்து வாங்க முடியாமல் சேர்பவனுடைய விருப்பத்தில் எவ்வளவு பங்கு அவனுடையது, எவ்வளவு பங்கு பசியுடையது? வயிறு நிறைந்தவன் தெரிந்தெடுப்பதே தெரிவு. பசித்தவனுக்கு முன் இரு வழிகளை வைத்து, ஒன்றில் மட்டும் சோற்றை வைத்தால், அதற்குத் தெரிவு என்று பெயரிடுதல் தகுமோ?

படைமாட்சி கூற வந்த வள்ளுவர், வெல்லும் படைக்கு இருத்தலாகாத குறைகளுள் வறுமையையும் ஒன்றாக வைத்தார். வறுமை இல்லாத படை வெல்லும் என்றால், வறுமையையே ஆள்சேர்ப்புக்குத் துணையாகக் கொள்ளும் படையை அவர் எந்த அதிகாரத்தில் வைத்திருப்பாரோ?

செய்ய வேண்டுவன

இவ்வொப்பீட்டைக் கொண்டு படைஞனின் தட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பார் உளர். கூலியாளின் வாயை அடைப்பாரும் உளர். 'எல்லையில் நிற்பவனைப் பார், உனக்கென்ன குறை' என்பது அவர்தம் மந்திரம். இரண்டும் சூழ்ச்சி. இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் சாரத்தின்மேல் நிற்கின்றான். தம்பி பனிமலைமேல் நிற்கின்றான்.

வேண்டுவன நான்கு. முதலாவது, 1957-ஆம் ஆண்டு நெறியும் 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சொன்னவாறே எல்லாத் தொழிலுக்கும் குறைந்த அளவுக் கூலி கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது, நான்காண்டுப் படைஞனுக்குப் பணிக்கொடையும் அகவிலைப்படியும் வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, கூலி அறிவிப்பும், ஊதியச் சீட்டும், படைச்சேர்ப்பு உடன்படிக்கையும் தமிழிளைஞனுக்குத் தமிழில் தரப்பட வேண்டும். தன் உயிரை ஈடு வைக்கும் தாளைத் தாய்மொழியில் படிக்க முடியாதவன் எதற்கு ஒப்பமிடுகின்றான்? நான்காவது, வடபுலத்திலிருந்து வந்து குறைகூலிக்கு உழைப்பவர்க்கும் முழுக் கூலி தரப்பட வேண்டும். அவருக்குக் குறைத்துக் கொடுக்க முடியும் வரை தமிழ்த் தொழிலாளியின் கூலியும் உயராது.

உழைப்பவனுக்கு உண்ணப் போதிய கூலி தரும் நாட்டில், படைக்குச் செல்பவன் காக்கச் செல்வான். அது தராத நாட்டில் அவன் உண்ணச் செல்வான். காக்கச் செல்பவரின் படையே நாட்டுக்கு வேண்டும். அப்படையின் முதற் பாசறை எல்லையில் இல்லை. கூலியாளின் அடுக்களையில் இருக்கின்றது. அங்கே உலை கொதிக்கட்டும்!