பழைய லொறியும் புதிய எஞ்சினும்

1947ஆம் ஆண்டிலே ஷெவ்ரலே நிறுவனத்தார் அமெரிக்காவில் புதிய வடிவுடைய பிக்கப் லொறிகளை வெளியிட்டனர். பண்ணைகளில் வைக்கோலும் விதைமூட்டையும் சுமந்து தேய்ந்த அவ்வண்டிகளுக்கு இன்று அந்நாட்டிலே பெருமதிப்பு. உருண்ட முகப்பையும் தகட்டுடலையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளுறுப்புகளை மட்டும் புதியனவாக மாற்றுவோர் பலர்.

அவர்களின் ஆசை முதலிற் செல்வது எஞ்சினிடத்தே. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் தந்தது 90 குதிரைவலு. அதனை அகற்றி, 1997இல் அறிமுகமான எல்.எஸ். இன எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பூட்டினால் வலு மும்மடங்காகும். ஓடுவது சரி, நிற்பது எப்படி?

பழைய பிறேக் முறையிலே, மிதிகட்டையின் கீழுள்ள ஒரே சிலிண்டரிலிருந்துதான் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்லும். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் கைவிடும். போதாக்குறைக்கு, நெடிய இறக்கத்தில் பிறேக் உருளைகள் சூடேறிப் பிடிப்பு இழக்கும். புதிய முறையில் எண்ணெய்ப் பாதை இரண்டு. ஒன்று பழுதுபட்டாலும் மற்றது காக்கும். முன்சக்கரங்களிலுள்ள வட்டத் தகடுகளோ காற்றுப்பட்டு விரைவில் ஆறும்.

ஆகவே கையிலுள்ள பணம் முதலிற் செல்லவேண்டிய இடம் பிறேக். அடுத்தது துருவேறிய அடிச்சட்டம். எஞ்சின் பிறகு வரட்டும். பழமை கெட்டதென்று குறைகூறுவாரும் உளர். அவர்களுக்கு அஞ்சியோ என்னவோ, சிலர் கழற்றிய எஞ்சினுக்கு எண்ணெய் பூசிக் கொட்டிலிலே பத்திரமாக வைத்திருக்கின்றனர்.