"வீட்டுக்கு அனுப்பலாம்"



ஒரே சொல்லை இருவர் இரு பொருளில் கொள்வதை நாடகத்தில் கண்டால் சிரிக்கிறோம். ஒரு குழந்தையின் உயிரே அச்சொல்லைப் பற்றி நின்றால் சிரிக்க இயலாது. அவ்வாறு நிகழ்ந்த ஒன்றையே இன்று கூற விரும்புகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமியை, நல்ல கல்வி அளிப்பதாகச் சொல்லி, அவள் தந்தையின் அத்தை அழைத்துச் சென்றாள். 1999 ஏப்ரலில் இருவரும் லண்டன் சேர்ந்தனர். அங்கே எந்தப் பள்ளியிலும் அவளைச் சேர்க்கவில்லை. ஆகவே நாள்தோறும் அவள் முகத்தைப் பார்க்கும் ஆசிரியர் ஒருவரும் இல்லாமற் போயினர்.

ஜூலை 14-ஆம் நாள் உடற்காயங்களோடு அவள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். இவை அடித்த தழும்புகள் என ஓர் இளம் மருத்துவர் ஐயுற, போலீஸார் அவளைத் தம் பாதுகாப்பில் வைத்தனர். அன்று மாலையே மூத்த மருத்துவர் பார்த்து, 'இது சொறிசிரங்கு' என்று முடிவு கூறினார். சமூகநல அலுவலர்கள் எப்படியும் விசாரிப்பார்கள் என்பது அவர் எண்ணம். மருத்துவரே சிரங்கு என்றபின் விசாரிக்க என்ன இருக்கிறது என்பது அலுவலர்களின் எண்ணம். மறுநாள் குழந்தை அத்தையிடமே ஒப்படைக்கப்பட்டாள்.

பத்து நாளில், முகமும் தலையும் வெந்த நிலையில் வேறொரு மருத்துவமனைக்கு வந்தாள். குளிப்பாட்டிய தாதியர் வேறு தழும்புகளையும் கண்டனர். கண்டவை எல்லாம் குறிப்பேட்டில் ஏறவில்லை. அங்கிருந்த மருத்துவர் கொடுமையை ஐயுற்றவர்தாம். ஆயினும், 'வீட்டுக்கு அனுப்பலாம்' என்னும் பொருள்பட எழுதி வைத்தார். உடல் தேறிவிட்டது என்பதையே தாம் கருதியதாகப் பின்னர் அவர் விளக்கினார். படித்தவர்களோ எழுதியதை எழுதியபடியே கொண்டனர். ஆகஸ்டு 6-ஆம் நாள் அவள் வீடு திரும்பினாள்.

2000 பிப்ரவரி 25-ஆம் நாள் விக்டோரியா இறந்தாள். வயது எட்டு. உடலில் 128 காயங்களும் தழும்புகளும் இருந்தன. அத்தையும் அவளுடன் வாழ்ந்தவனும் 2001-இல் ஆயுள் தண்டனை பெற்றனர்.

அந்த மருத்துவரை மட்டும் பழிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பேச்சு உண்டு. அதில் ஊறியவருக்கு, பிறர் அதை வேறாகக் கேட்கக்கூடும் என்பதே தோன்றுவதில்லை. நாளை மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆகப்போகும் உங்களுக்கும் இது நேரலாம்.

விசாரணை நடத்திய லேமிங் பிரபு, 2003-இல் 108 பரிந்துரைகளை வெளியிட்டார். என் மனத்தில் நின்றது ஒன்று. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததென ஐயுறும் மருத்துவர், தம் கவலையைச் சமூகநலத் துறைக்கு எழுத்தில் தரவேண்டும். பிறர் அதைத் தவறாகப் பொருள் கொண்டால், விரைவில் எழுத்திலேயே திருத்தவேண்டும். தாம் சொன்னது சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா என்று பார்ப்பதும் சொன்னவருடைய பொறுப்பே என அதில் கண்டிருக்கிறது.